விற்பதற்கல்ல, பகிர்வதற்கே
சிறுநீரக நோயும் விவசாயக் குடும்பங்களும் திருச்சபையின் சமூகப் படிப்பினையும்

மாலை மங்கும் நேரம். தகரக் கூரை போட்ட தற்காலிக வீடு. வாசலில் பாய் விரித்து ஐயா படுத்திருக்கின்றார். ஒரு காலத்தில் சொந்த வயலில் காலபோகமும் சிறுபோகமும் தவறாமல் செய்தவர். இடம்பெயர்ந்த பின்னர் பிறர் காணியில் கூலிக்கு மருந்தடித்தும் வரம்பு கட்டியும் பிள்ளைகளை வளர்த்தார். இப்போது இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கிழமையில் இரண்டு, மூன்று தடவை பஸ் ஏறி நகரத்து ஆஸ்பத்திரிக்குச் சென்று இரத்தத்தைச் சுத்திகரித்து வருகின்றார்.

அந்த வீட்டில் எம்மிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட்டன.

முதலாவது, மனைவி கேட்டது: "நாங்கள் ஆருக்கும் ஒரு கெடுதலும் செய்யேல்லை. ஏன் எங்களுக்கு இப்பிடி ஒரு வருத்தம் வந்தது?"

இரண்டாவது, ஐயாவின் தம்பி கேட்டது: "அண்ணைக்கு ஒண்டு குடுக்க நான் ஓமெண்டனான். ஆனால் எங்கடை இரத்தம் பொருந்தாதாம். இப்ப ஒருத்தர் வந்து, வெளியாளுக்குக் குடுத்தால் நல்ல காசு எடுத்துத் தாறன் எண்டு சொல்லுறார். கடனையும் கட்டலாம், அண்ணையையும் பார்க்கலாம். அது பிழையே?"

மூன்றாவதை, எம்முடன் வந்த அருட்சகோதரியிடம் ஐயாவே மெதுவாகக் கேட்டார்: "இனி என்னைக் கூட்டிக்கொண்டு போகவேண்டாம், அந்தக் காசைப் பிள்ளையளுக்கு வையுங்கோ எண்டு சொன்னால், அது தற்கொலைப் பாவமே சிஸ்ரர்?"

பல வீடுகளில் நாம் கேட்டவற்றை இங்கே ஒரு வீட்டில் சேர்த்துச் சொல்லுகின்றோம். இதை வாசிக்கும் உங்களுள் சிலருக்கு இது உங்கள் வீடாகவே தோன்றலாம். இந்த மூன்று கேள்விகளுக்கும் திருச்சபையின் சமூகப் படிப்பினையில் என்ன மறுமொழி உண்டு என்று சற்று ஆறுதலாகப் பார்ப்போம்.

யார் செய்த குற்றம்?

இலங்கையின் வறண்ட வலயத்தில் ஒரு புதுவகைச் சிறுநீரக நோய் 1990களில் கவனத்துக்கு வந்தது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது எவரும் அறிந்ததே. ஆனால் அவை இரண்டும் இல்லாத, வயலில் வேலை செய்யும் மனிதர்கள் நோயுற்றார்கள். மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, கிராந்துருகோட்டை ஆகிய பகுதிகளில் பெருந்தொகையானோர் பாதிக்கப்பட்டனர். வவுனியா மாவட்டமும் தப்பவில்லை. சிங்கள விவசாயி, தமிழ் விவசாயி, முஸ்லிம் விவசாயி என்று இந்த நோய் பார்ப்பதில்லை. ஒரே வெயிலும் ஒரே மாதிரியான நிலத்தடி நீரும் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டன.

இதன் காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் இன்றுவரை ஒருமுகமாகச் சொல்லவில்லை. கிணற்று நீரிலுள்ள கடினத்தன்மையும் புளோரைட்டும், கிருமிநாசினிகளும் களைநாசினிகளும், கடும் வெயிலில் தண்ணீர் குடியாமல் நெடுநேரம் உழைப்பது என்பன சந்தேகிக்கப்படுகின்றன. ஒன்றல்ல, பல காரணங்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கருதுவோர் பலர்.

ஆகவே அம்மாவுக்கு நாம் சொல்லும் முதல் மறுமொழி: இது உங்கள் பாவத்தின் சம்பளமல்ல. பிறவிக் குருடனைக் கண்டு, இவன் பாவமா பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டுமல்ல என்றார் ஆண்டவர். நோயாளியின் தலையில் குற்றத்தையும் ஏற்றி வைப்பது இரண்டாவது நோயாகும்.

ஆனால் குற்றம் எவரிடமும் இல்லை என்று கையைக் கழுவிவிடவும் முடியாது. நல்ல தண்ணீர் கிடைக்காத ஊரில் மக்களைக் குடியேற்றுவதும், கையுறையும் முகமூடியும் கொடாமல் கூலியாளை மருந்தடிக்க அனுப்புவதும் மனிதர் செய்யும் தீர்மானங்கள். பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதருக்குரிய அடிப்படை உரிமை என்றும், ஏனைய உரிமைகள் அதில் தங்கியிருக்கின்றன என்றும் எடுத்துரைத்தார். பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழிலாளருக்கு மருத்துவ உதவி எளிதில் கிடைக்க வேண்டும், கூடியமட்டும் மலிவாக அல்லது இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்றார். அதற்கும் முன்னர், 1963இல், பாப்பரசர் 23ஆம் அருளப்பர் மனித உரிமைகளை வரிசைப்படுத்தியபோது மருத்துவப் பராமரிப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். எனவே சுத்தமான தண்ணீரைக் கேட்பது பிச்சை கேட்பதல்ல, உரிமையைக் கேட்பதாகும்.

இங்கே இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். இந்த நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. கால் வீங்கி, சாப்பாடு வெறுத்து, மூச்சு வாங்கும்போது சிறுநீரகத்தின் பெரும்பகுதி கெட்டுப்போயிருக்கும். இரத்தத்தில் கிறியற்றினின் அளவையும் சிறுநீரில் புரதம் கழிகின்றதா என்பதையும் பரிசோதித்தால் நேரத்தோடு கண்டுபிடிக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் கட்டணமில்லை. இருந்தும், "நோய் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் கலியாணம் பேச வரமாட்டார்கள்" என்று ஒளிப்பவர்கள் உளர். நோயாளிக்கே சொல்லாமல் வீட்டார் மறைப்பதும் உண்டு. அன்பினால்தான் மறைக்கின்றார்கள். ஆயினும் தன் உடலில் நடப்பதை அறியும் உரிமை அந்த மனிதருக்கே உரியது. உண்மை தெரிந்தவரால்தான் மருந்தை ஒழுங்காக எடுக்கவும், குடும்ப விடயங்களைத் தீர்த்து வைக்கவும், மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் முடியும்.

தம்பிக்கு ஒரு மறுமொழி

இனித் தம்பியின் கேள்விக்கு வருவோம். அதுவே மூன்றிலும் கடினமானது. ஏனெனில் அவர் பேராசையால் கேட்கவில்லை.

ஒருவருடைய சிறுநீரகத்தை இன்னொருவருக்குப் பொருத்தும் சிகிச்சை முதன்முதலாக 1954 டிசம்பரில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் வெற்றி கண்டது. ஒரே உருவமுடைய இரட்டைச் சகோதரருள் ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தார். அதைச் செய்த சத்திரசிகிச்சை நிபுணர் ஜோசப் மறே 1990இல் நோபல் பரிசு பெற்றார். தொடக்கத்தில் சில இறையியலாளர்கள் தயங்கினார்கள். நல்லாயிருக்கும் உடலை வெட்டலாமா என்பது அவர்களது கேள்வி. நாளடைவில் திருச்சபையின் நிலைப்பாடு தெளிவாயிற்று. பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1956இல், இறந்தவரின் கண்ணிலிருந்து பெறும் வெண்படலத்தைத் தானமாக வழங்குவதில் தவறில்லை என்றார். 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் உயிரைப் பற்றிய சுற்றுமடலில், உரிய முறையில் செய்யப்படும் உறுப்புத் தானத்தை அன்றாட வாழ்வின் வீரச் செயல்களுள் ஒன்றாகப் போற்றினார். 2000 ஆகஸ்டில் உரோமையில் கூடிய வைத்திய நிபுணர்களிடம், உறுப்பை வியாபாரப் பொருளாக்குவது ஒழுக்கநெறிக்கு ஏற்றதல்ல என்று அவர் திட்டவட்டமாகச் சொன்னார். கொடுப்பவர் விளைவுகளை நன்கு அறிந்து, எவருடைய நெருக்குதலும் இல்லாமல் சம்மதிக்க வேண்டும் என்பதும் அவர் வலியுறுத்தியதே.

கொடுப்பது வீரம் என்றால், அதே பொருளை விற்பது ஏன் பிழை? உடல் என்பது நாம் வைத்திருக்கும் ஒரு சாமான் அல்ல. நாமே எமது உடல். காணியை விற்றாலும் விற்றவர் முழு மனிதராக நிற்பார். உடலை விலை பேசும்போது மனிதரே சந்தைக்கு வந்துவிடுகின்றார். அந்தச் சந்தையில் விற்பவர் எப்போதும் ஏழை, வாங்குபவர் எப்போதும் வசதியுள்ளவர். பணக்காரர் ஒருவர் தன் சிறுநீரகத்தைக் கூலிக்காரனுக்கு விற்றதாக எங்கேயும் கேள்விப்பட்டதுண்டா?

சம்மதித்துத்தானே விற்கின்றார் என்பார்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சம்மதம்? பஞ்ச காலத்தில் விதைநெல்லை விற்றவரிடம், நீ விரும்பித்தானே விற்றாய் என்று கேட்பதைப் போன்றது அது.

விற்றவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சென்னையில், சிறுநீரகத்தை விற்ற 305 பேரை 2001இல் ஆய்வாளர்கள் தேடிச் சந்தித்தார்கள். முடிவுகள் 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. 100க்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றிருந்தனர். ஆனால் கடனுக்காக விற்றவர்களுள் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் ஆய்வு நடந்தபோதும் கடனிலேயே இருந்தனர். குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 100க்கு 86 பேர் தம் உடல்நிலை மோசமானது என்றனர். மற்றவர்களும் விற்கலாமா என்று கேட்டபோது, வேண்டாம் என்று சொன்னவர்கள் 100க்கு 79 பேர். பாரம் தூக்கி உழைப்பவருக்கு உடம்புதான் முதல். முதலை விற்று வட்டி கட்டியவர் கதையாக அது முடிந்தது.

எமது நாட்டிலும் இது சட்டப்படி குற்றம். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவது பற்றிய 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் தடைசெய்கின்றது. இருந்தும் தரகர்கள் ஓயவில்லை. சிறுநீரக வியாபாரம் பற்றிய முறைப்பாடுகள் எழுந்தபோது, 2016 ஜனவரியில், வெளிநாட்டவருக்கு இங்கே சிறுநீரகம் பொருத்துவதைச் சுகாதார அமைச்சு இடைநிறுத்தியது. தரகர் எப்போதும் நல்ல மனிதராகவே வருவார். "ஒரு சிறுநீரகத்தோடை நல்லாய்ச் சீவிக்கலாம்" என்பார். அது பாதி உண்மை. ஆரோக்கியமானவர், ஒழுங்கான பரிசோதனையின் பின் கொடுத்து, வாழ்நாள் முழுவதும் கிளினிக்குக்குச் சென்றால் பெரும்பாலும் சுகமாக வாழலாம். தமையன் குடித்த அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, அதே வெயிலில் நின்ற தம்பிக்கு நாளை அதே நோய் வராது என்று தரகர் உத்தரவாதம் தருவாரா? எஞ்சியிருக்கும் ஒன்றும் கெட்டால் தம்பியின் பிள்ளைகளைப் பார்ப்பவர் யார்?

ஆகவே தம்பி, அண்ணனுக்குக் கொடுக்க முன்வந்தீர்களே, அது ஆண்டவர் மெச்சும் மனம். பொருந்தாமல் போனது உங்கள் தவறல்ல. விற்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். கொடுக்க விரும்பாத உறவினரையும் எவரும் குறைசொல்லக் கூடாது. கட்டாயப்படுத்திப் பெறுவது தானமாகாது.

இறந்த பின் கொடுப்பதைப் பற்றியும் எமது குடும்பங்கள் பேச வேண்டும். இந்த நாட்டில் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தான இயக்கத்தால் பல நாட்டு மக்கள் பார்வை பெற்றுள்ளார்கள். ஒரு சதமும் வாங்காமல் சாதாரண மக்கள் கொடுத்த கண்கள் அவை. மூளைச்சாவு அடைந்தவரின் சிறுநீரகங்களால் இருவர் பிழைக்கலாம். உயிர்ப்பின் நாளுக்கு உடல் முழுமையாக இருக்க வேண்டும் என்று பயப்படத் தேவையில்லை. மண்ணாய்ப் போனதையும் எழுப்பவல்லவர் இறைவன்.

"போதும்" என்று சொல்லலாமா?

மூன்றாவது கேள்வியை ஐயா இரகசியமாகக் கேட்டார். வெளியில் சொல்ல வெட்கப்பட்டு மனதுக்குள் வைத்திருப்பவர்கள் இன்னும் பலர்.

உயிர் இறைவனின் கொடை. அதைக் காப்பது கடமை. ஆனால் எந்த விலை கொடுத்தும், எந்தத் துன்பம் பட்டும் காக்க வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் போதிக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்பானிய தொமினிக்கன் குரு பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, உயிரைக் காக்க ஒருவர் தன் முதுசம் முழுவதையும் செலவழிக்கக் கடமைப்பட்டவரல்லர் என்று எழுதினார். பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1957 நவம்பரில் மயக்கமருந்து வைத்தியர்களிடம் பேசும்போது, தனக்கோ பிறருக்கோ பெருஞ்சுமையாகாத வழிகளையே கடமையாகக் கொள்ள வேண்டும் என்றும், அது ஆளையும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது என்றும் விளக்கினார். 1980இல் விசுவாசக் கோட்பாட்டுத் திருச்சங்கம் வெளியிட்ட பிரகடனம் இன்னும் தெளிவானது. பலனுக்கு ஒவ்வாத சிகிச்சையை மறுப்பதும், குடும்பத்துக்கு மிதமிஞ்சிய செலவு வைக்க விரும்பாமல் மறுப்பதும் தற்கொலைக்குச் சமமல்ல என்று அது கூறுகின்றது.

ஆகவே ஐயா, சிகிச்சை உங்களால் தாங்கமுடியாத பாரமாகிவிட்டால், "போதும்" என்று நீங்கள் சொல்வது பாவமல்ல. உயிரைப் போக்க ஊசி போடும்படி கேட்பது ஒன்று, அது ஆகாது. நோய் தன் வழியில் செல்ல இடங்கொடுப்பது வேறு.

ஆனால் இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். ஐயா "போதும்" என்கின்றாரே, அது ஐயாவின் தீர்மானமா, பஸ் காசின் தீர்மானமா?

இரத்தச் சுத்திகரிப்பை நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில் அல்லது சில கிழமைகளில் மரணம் நேரும். உடல் இனித் தாங்காது என்று வைத்தியரோடும் குடும்பத்தோடும் பேசி, செபித்து, அமைதியோடு ஒருவர் எடுக்கும் முடிவு வேறு. ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசமாக இருந்தும், போய்வரக் காசில்லாமல், கூட்டிச்செல்ல ஆளில்லாமல், "நான் பாரமாகிவிட்டேன்" என்ற எண்ணத்தால் ஒருவர் எடுக்கும் முடிவு வேறு. முன்னையது ஏற்புக்குரியது. பின்னையதில் பாவம் உண்டு, ஆனால் அது அவருடையதல்ல. அயலில் இருந்தும் பாராமல் விட்ட எமது பாவம்.

சிகிச்சையை நிறுத்தினாலும் பராமரிப்பை நிறுத்தக் கூடாது. வலிக்கு மருந்து, வாய் நனைக்கத் தண்ணீர், சுத்தமான படுக்கை, நோயில்பூசுதல் அருட்சாதனம், பக்கத்தில் ஒரு கை. கடைசி மூச்சுவரை இவை அவருக்குரியவை.

இரண்டு தெனாரியம்

நல்ல சமாரியன் காயப்பட்டவனின் புண்களில் எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். சாவடியில் சேர்த்து, இரண்டு தெனாரியம் கொடுத்து, மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். போக்குவரத்து, தங்குமிடம், செலவு, தொடர்ந்து பார்த்தல் ஆகிய நான்கும் அந்தச் சிறு கதையில் அடங்கியிருக்கின்றன. எமது நோயாளிகளுக்கு வேண்டியவையும் இவையே.

சமூகப் படிப்பினை இரண்டு சொற்களை அடிக்கடி சொல்லும். ஒன்று தோழமை: ஒருவர் சுமையை மற்றவரும் தாங்குதல். மற்றது துணைநிலைக் கோட்பாடு: சிறிய குழு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்புப் பறித்துக்கொள்ளலாகாது, சிறியதால் முடியாதபோது பெரியது உதவ மறுக்கவும் ஆகாது. இதன்படி எவர் எதைச் செய்யலாம்?

குடும்பம்: முப்பது வயது கடந்த ஒவ்வொருவரும், விசேடமாக வயல் வேலை செய்பவர்கள், பரிசோதனைக்குச் செல்லுங்கள். மேல்வலிக்கென்று கடையில் வாங்கும் வலிநிவாரணிக் குளிசைகளை நாள்தோறும் விழுங்காதீர்கள், அவற்றுள் பல சிறுநீரகத்தைக் கெடுப்பவை. உச்சி வெயிலில் நிழலுக்கு வந்து நல்ல தண்ணீர் குடியுங்கள். நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் புளோரைட்டும் உப்புக்களும் நீங்கமாட்டா என்பதை மறவாதீர்கள்.

ஊர்: கிணற்று நீரைப் பரிசோதிப்பிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நாடுங்கள். மாரி மழையைத் தொட்டியில் சேர்த்துக் குடிநீராக்கலாம். மரண உதவிச் சங்கம் இல்லாத ஊர் எமக்குள் இல்லை. இறந்த பின் பந்தலும் கதிரையும் கொடுக்கும் அதே சங்கம், உயிரோடிருக்கும்போது பஸ் காசு கொடுத்தால் என்ன? மாதம் ஒரு சிறு தொகை, முறை வைத்துக் கூட்டிச் செல்ல ஓர் ஆள். இதனாலேயே பல உயிர்கள் நீடிக்கும்.

அரசாங்கம்: பிரதேச செயலகம் மூலம் சிறுநீரக நோயாளருக்கு வழங்கப்படும் மாதாந்த உதவிப்பணத்துக்கு விண்ணப்பியுங்கள். முகவரி மாறியதால் பதிவு தவறியிருந்தால் கிராம அலுவலரிடம் தளராமல் கேளுங்கள். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது முதலில் அடிபட்டவர்கள் தனியாரிடம் வாங்க வசதியற்ற ஏழைகளே. வரவுசெலவில் எது குறைந்தாலும் ஏழையின் மருந்து குறையலாகாது என்று கேட்பது எமது கடமை.

அந்த மாலையில் நாம் எழுந்து வரும்போது தம்பி படலைவரை கூட வந்தார். "அப்ப அவர் திரும்பி வந்தால் என்ன சொல்லுறது?" என்று கேட்டார். அருட்சகோதரி சொன்னார்: "எங்கடை அண்ணையைப் பார்க்க ஊர் இருக்குது எண்டு சொல்லுங்கோ தம்பி."

அந்தச் சொல்லை உண்மையாக்குவது ஊராரின் கையில்தான் இருக்கின்றது.

குழுவாகக் கலந்துரையாட:
1. எமது ஊரில் கிளினிக்குக்குப் போகாமல் விட்ட நோயாளர் எத்தனை பேர்? ஏன் போகவில்லை என்று அவர்களிடம் கேட்டோமா?
2. தரகர் எவரேனும் எமது பகுதிக்கு வந்ததுண்டா? கடன்பட்ட குடும்பத்துக்கு நாம் காட்டக்கூடிய வேறு வழி என்ன?
3. நோயாளியிடம் உண்மையைச் சொல்வது, சிகிச்சையை நிறுத்துவது ஆகியவற்றை எமது வீடுகளில் எவர் தீர்மானிக்கின்றார்? நோயாளியின் விருப்பத்தைக் கேட்கின்றோமா?
4. மரண உதவிச் சங்கம் அடுத்த கூட்டத்தில் எந்த ஒரு தீர்மானத்தை எடுக்கலாம்?